வண்டி ஓடுவது ஆறு மணி நேரம், நிற்பது எங்கே?

கேள்வி: திருவொற்றியூரில் எங்களுக்குக் கன்டெய்னர் டிரெய்லர் தொழில். அப்பா 1991இல் ஒரே வண்டியோடு தொடங்கினார். இன்று 21 வண்டிகள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் ஏற்றுமதிச் சரக்கைத் துறைமுகத்தில் சேர்ப்பதுதான் பெரும்பகுதி வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியாததால் இரண்டு வருடமாக நான் பார்க்கிறேன். தினமும் சராசரியாக 18 வண்டிகள் சாலையில் இருக்கின்றன. ஆறு வருடத்துக்கு முன்பு இதே வண்டிகளை வைத்து நாளைக்கு 17 டிரிப் முடித்தோம். இப்போது 12தான் முடிகிறது. ஓட்டுநர்கள் வழியில் நிறுத்தித் தூங்குகிறார்கள், டீசலும் போகிறது என்கிறார் அப்பா. கடன் வாங்கி இன்னும் ஐந்து வண்டி எடுப்போம் என்கிறான் தம்பி. வங்கியும் கடன் தரச் சம்மதித்துவிட்டது. ஓர் ஆலோசனை நிறுவனம் மொத்த அலுவலகத்தையும் மென்பொருளுக்கு மாற்றச் சொல்லி விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே நான்கு லட்சம் செலவழித்து எல்லா வண்டிக்கும் ஜி.பி.எஸ். போட்டேன். ஒரு டிரிப்கூடக் கூடவில்லை, மூன்று ஓட்டுநர்கள் வேலையை விட்டுப் போனதுதான் மிச்சம். அலுவலகத்தில் முறை மாறவில்லை. தொழிற்சாலையில் சீல் வைத்ததும் அதன் போட்டோ அப்பாவின் போனுக்கு வரும், அவர் பார்த்துச் சொன்ன பிறகு காகித வேலை பார்க்கும் பையன் தொடங்குவான். அவன் இரவு ஏழரைக்குக் கிளம்பிவிடுவான். எந்த மென்பொருள் வாங்கலாம்? வண்டி எடுக்கலாமா?
ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் பிறந்தது காலடிப்பேட்டையில். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவெல்லாம் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களையும், அவற்றின் அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் ஓட்டுநர்களையும் எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவள். தொழில் நிறுவனங்களின் வேலைமுறைகளை ஆராய்ந்து திருத்தி அமைப்பதுதான் என் பிழைப்பு. அதனால் உங்கள் கேள்வி எனக்கு வெளியூர்ச் சங்கதி ஆகாது.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மென்பொருளும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்களிடம் மூன்று பேர் மூன்று தீர்வு சொல்கிறார்கள். கட்டுப்பாடு போதவில்லை என்று அப்பாவும், வண்டி போதவில்லை என்று தம்பியும், மென்பொருள் இல்லை என்று அந்த நிறுவனமும் சொல்கின்றன. மூவருமே தங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் மருந்துக்குத் தகுந்த நோயைச் சொல்கிறார்கள். ஒரு டிரிப்புக்கு ஆகிற நேரம் எங்கே கரைகிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத் தேவையான இரண்டு எண்களை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

சாலையில் 18 வண்டிகள், நாளைக்கு 12 டிரிப். பதினெட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றரை நாள். அதாவது ஒரு வண்டி ஒரு டிரிப்பைத் தொடங்கி முடிக்கச் சராசரியாக 36 மணி நேரம் ஆகிறது. ஆறு வருடத்துக்கு முன்பு 17 டிரிப் முடிந்தபோது அதுவே 25 மணி நேரம் சொச்சமாக இருந்தது. உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை, வெளியேறும் வேகம், ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான இந்த உறவை ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் கணிதமாக நிறுவினார். மருத்துவமனை வரிசைக்கும் பொருந்தும், சுங்கச்சாவடிக்கும் பொருந்தும். ஏதாவது இரண்டு எண் கையில் இருந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும்.

இனி அந்த 36 மணி நேரத்தைப் பாருங்கள். மணலியில் காலிக் கன்டெய்னரை எடுத்து, ஒரகடம் போய், திரும்பித் துறைமுகம் வந்து, ஷெட்டுக்கு வந்து சேர வண்டி ஓடும் நேரம் ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். சரக்கேற்ற நான்கு மணி நேரம். மீதி 26 மணி நேரம் வண்டி எங்கேயோ நிற்கிறது. எந்த இடத்தில், எதற்காகக் காத்து நிற்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் தீட்டுகிற திட்டம் எதுவும் உங்களுக்குக் கைகொடுக்காது.

தம்பியின் யோசனையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். வண்டிகளை நிறுத்திவைக்கும் தடை அப்படியே இருக்க, ஐந்து வண்டி கூடினால் 23 வண்டிகள், அதே 12 டிரிப். ஒரு டிரிப்புக்கு 46 மணி நேரம் ஆகிவிடும். கூடவே ஐந்து வண்டிக்கு மாதத் தவணை. வட சென்னைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டபோது தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் குடங்களை வரிசை வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வீட்டார் ஐந்து குடத்துக்குப் பதில் எட்டு வைத்தால் வரிசைதான் நீளும். லாரியின் பின்னால் இருக்கிற குழாய் அதே குழாய்தான். உங்கள் தொழிலில் அந்தக் குழாய் எது என்று கண்டுபிடிக்கும் வரை குடம் வாங்காதீர்கள். அந்தக் குழாயைத்தான் எங்கள் துறையில் இடுக்கு என்கிறோம். மொத்த வேலையும் இடுக்கின் வேகத்தில்தான் நகரும். மற்ற இடங்களை எவ்வளவு வேகப்படுத்தினாலும் சரக்கு அங்கே வந்து குவியும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் வலிக்கிறது. 1998இல் மண்ணடியில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கு. சரக்கு தாமதமாகப் போகிறது என்று என்னை அழைத்தார்கள். பில் போட இருபது நிமிடம் ஆவதைப் பார்த்து, கணினி வைத்து அதை இரண்டு நிமிடமாக்கிக் கொடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் சரக்கு அதே நேரத்துக்குத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சந்துக்குள் பகலில் லாரி வராது. சரக்கைப் பெரிய தெருவுக்குக் கொண்டுபோக மீன்பாடி வண்டிகள் நான்குதான் இருந்தன. போட்ட பில்லெல்லாம் அந்த நான்கு வண்டிகளுக்காகக் காத்துக் கிடந்தது. மாடியிலிருந்து இறங்கித் தெருவில் ஒரு நாள் முழுக்க நின்றிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் நிற்கவில்லை. அவர்கள் பணத்தை வீணாக்கினேன். அதற்குப் பிறகு எந்த வேலையையும் நேரில் நின்று பார்க்காமல் நான் ஒரு வரிகூட எழுதுவதில்லை. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த தாய்ச்சி ஓனோ, பொறியாளர்களுக்குத் தொழிற்சாலைத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, அதற்குள்ளேயே மணிக்கணக்கில் நின்று கவனிக்கச் சொல்வாராம். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று மண்ணடிக்குப் பிறகு எனக்கு விளங்கியது.

ஆகவே முதல் இரண்டு வாரம் அளப்பதற்கு மட்டும். ஒவ்வொரு டிரிப் சீட்டிலும் ஒன்பது நேரங்களைக் குறியுங்கள்: காலிக் கன்டெய்னர் யார்டுக்குள் நுழைந்தது, வெளியே வந்தது, தொழிற்சாலை வாசலை அடைந்தது, உள்ளே அழைத்தது, சீல் வைத்துக் கிளம்பியது, துறைமுக வரிசையில் சேர்ந்தது, துறைமுகத்துக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டான ஃபார்ம் 13 ஓட்டுநர் கைக்கு வந்தது, வாசலுக்குள் நுழைந்தது, இறக்கிவிட்டு வெளியே வந்தது. ஓட்டுநர் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தந்த இடத்தில் ஒரு குரல் செய்தி அனுப்பினால் போதும், அலுவலகத்தில் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்கே நின்றாலும் காரணத்தை ஓட்டுநர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். ‘தாமதம்’ என்று எழுதினால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ‘எடைச் சீட்டு இல்லை என்று திருப்பிவிட்டார்கள்’ என்று எழுதினால் அதில் வேலை செய்ய முடியும். ஏற்றுமதிக் கன்டெய்னருக்குச் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்க வேண்டும் என்ற சர்வதேச விதி 2016 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. இருந்தும் அந்த ஒரு சீட்டுக்காக இன்றைக்கும் வண்டிகள் நிற்பதைப் பார்க்கிறேன்.

இரண்டு வாரத்தில் 140 சீட்டுகளுக்கு மேல் சேரும். நின்ற நேரத்தைக் காரணவாரியாகக் கூட்டிப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்களே முக்கால்வாசி நேரத்தை விழுங்கியிருக்கும். மற்றவற்றை இந்த ஆண்டு தொடவே வேண்டாம்.

ஓட்டுநர்கள் விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ஜி.பி.எஸ். கருவியை நீங்கள் காவல்காரனாகக் கொண்டுபோய் வண்டியில் உட்கார வைத்துவிட்டீர்கள். வண்டி எங்கே நின்றது என்று அது சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. காரணம் தெரியாதபோது சந்தேகம் அந்த இடத்தை நிரப்பியது. மூன்று பேர் மானத்தோடு விலகிப் போனார்கள். 26 மணி நேரம் வரிசையில் கிடப்பவர் தூங்காமல் என்ன செய்வார்? கழிப்பறை இல்லாத சாலையோரத்தில், தண்ணீர் பாட்டிலோடு, வரிசை நகரும்போது விழிக்க வேண்டுமே என்ற பயத்தோடு தூங்குகிற தூக்கம் அது. அதைக் குற்றம் என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்.

அப்பாவின் சந்தேகத்தைச் சோதிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1924இல், தொழிற்சாலையில் ஏற்படும் ஏற்ற இறக்கங்களை இரண்டாகப் பிரித்தார். வேலைமுறையிலேயே ஊறிப்போனது ஒன்று, தனியாக ஒரு காரணத்தால் வருவது இன்னொன்று. உங்கள் சீட்டுகளை ஓட்டுநர்வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் நேரமும் டீசலும் மற்றவர்களிடமிருந்து வெகுவாக விலகியிருந்தால் அவரைத் தனியே அழைத்து, மரியாதையாக விசாரியுங்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தாமதம் என்றால் அது யாருடைய குணமும் இல்லை, நீங்கள் அமைத்து வைத்திருக்கும் முறை அது. ஆளை மாற்றினால் புதிய ஆளும் அதே 36 மணி நேரம்தான் எடுப்பார். டீசலுக்கும் இதே சோதனைதான். வரிசையில் அங்குலம் அங்குலமாக நகரும் இன்ஜினும் டீசல் குடிக்கும்.

இனி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு விஷயம். சீல் போட்டோ அப்பாவின் போனுக்கு வருகிறது, அவர் சொன்ன பிறகு பையன் தொடங்குகிறான், அவன் ஏழரைக்குக் கிளம்பிவிடுகிறான். எனக்கு வலுவாகச் சந்தேகம் வரும் இடம் இதுதான். ‘ஏன்’ என்று அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வண்டி துறைமுகச் சாலையில் இரவெல்லாம் ஏன் நின்றது? ஃபார்ம் 13 வரவில்லை. ஏன் வரவில்லை? சீல் எண்ணும் எடையும் பையனுக்குத் தெரியவில்லை. ஏன்? மாலை ஆறு மணிக்கு வந்த போட்டோவை அப்பா எட்டரைக்குத்தான் பார்த்தார். ஏன்? மாத்திரை போட்டுப் படுத்திருந்தார். இங்கே நிறுத்தினால் ‘அப்பாவின் உடல்நிலை’ என்று பதில் வரும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. இன்னும் ஒரு ‘ஏன்’ கேளுங்கள். எல்லா எண்ணும் முதலில் அவரிடம் ஏன் போக வேண்டும்? ஏனென்றால் 1991இல் வண்டி ஒன்று, காகிதமெல்லாம் கையில் கொண்டுபோவது, ஒரு எண் தப்பினால் கப்பலே தவறிவிடும். ஒவ்வொன்றையும் தன் கண்ணால் பார்த்து அனுப்பியதால்தான் இந்த நிறுவனம் நின்றது. அந்த வழக்கம் 21 வண்டிகளுக்கும் அப்படியே தொடர்கிறது. ‘ஏன்’ என்ற கேள்வி ஆளோடு முடியக் கூடாது, உங்களால் மாற்றக்கூடிய ஒரு வழக்கம் தெரியும் வரை போக வேண்டும்.

இது என் ஊகம்தான். காலி யார்டிலோ தொழிற்சாலை வாசலிலோ இதைவிடப் பெரிய தாமதம் இருக்கலாம். ஒன்பது நேரங்களும் அதைக் காட்டிவிடும்.

ஊகம் சரியாக இருந்தால் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? ‘நீங்கள்தான் தாமதத்துக்குக் காரணம்’ என்று சொல்லிவிடாதீர்கள். உண்மையும் அதுவல்ல. போட்டோவைப் பார்க்கும்போது எதையெல்லாம் சரிபார்ப்பீர்கள் என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம், சீல் எண், சுங்கத்துக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் உள்ள எடை, கப்பலுக்குச் சரக்கை ஏற்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் என்று முப்பது வருட அனுபவம் பத்துப் பன்னிரண்டு வரிகளில் வந்துவிடும். அந்தத் தாள்தான் இனி காகித மேசையின் சட்டம். பையன் அதைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். சந்தேகம் வருகிற கன்டெய்னர் மட்டும் அப்பாவிடம் போகட்டும். அவருடைய கண் எல்லா வண்டிக்கும் போய்ச் சேரும், அவருக்கும் ஓய்வு கிடைக்கும். மாலை நான்கு முதல் நள்ளிரவு வரை இன்னொருவரை அந்த மேசையில் உட்கார வையுங்கள். ஓட்டுநர் வேலையிலிருந்து முதுகுவலியால் விலகியவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது, வரிசையில் நிற்பவரின் தவிப்பு அவருக்குத் தெரியும். அவருடைய மாதச் சம்பளத்தையும் அந்த மென்பொருள் விலைப்புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாற்றத்தை 21 வண்டியிலும் ஒரே நாளில் கொண்டுவராதீர்கள். ஒரே ஒரு தொழிற்சாலைக்கு ஓடும் நான்கு வண்டிகளில் மூன்று வாரம் செய்து பாருங்கள். தொடங்கும் முன்பே, ‘வரிசையில் சேர்ந்ததற்கும் ஃபார்ம் 13 வந்ததற்கும் இடையிலான நேரம் பாதியாகக் குறையும்’ என்பது போல எதிர்பார்ப்பை எழுதி வையுங்கள். எழுதி வைக்காவிட்டால், எது நடந்தாலும் நாம் நினைத்ததுதான் என்று மனம் சொல்லிக்கொள்ளும். குறையவில்லை என்றால் ஊகம் தவறு, அடுத்த காரணத்துக்குப் போங்கள். நட்டம் நான்கு வண்டிகளோடு போகும்.

அளவுகோலிலும் கவனம் வேண்டும். டிரிப் எண்ணிக்கையை மட்டும் சுவரில் எழுதி, பேட்டாவையும் அதோடு கட்டினால் எண் உயரும். கூடவே வேகமும் உயரும், தூக்கம் குறையும். 40 அடிக் கன்டெய்னரோடு தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவதன் விலை உங்களுக்குத் தெரியும். அதனால் டிரிப் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அந்த வாரம் கிடைத்த தொடர்ச்சியான ஓய்வு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நல்லபடியாக இருந்தால்தான் முறை திருந்தியது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

பெரிய திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 36 மணி நேரம் 24 ஆகக் குறைந்தால் அதே 18 வண்டியில் நாளைக்கு 18 டிரிப் முடியும். அப்போது தம்பியின் கேள்வி வேறு வடிவம் எடுக்கும். கூடுதல் டிரிப்புகளை யாருக்கு ஓட்டுவது? சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்த காலத்தில் போக வேண்டிய வாசல் ஒன்றுதான். இன்று எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் இருக்கின்றன. உங்கள் சீட்டுகளை வாடிக்கையாளர்வாரியாகவும் துறைமுகவாரியாகவும் பிரித்தால், வாடகை கூடுதலாகத் தருபவராகத் தோன்றும் ஒருவர் தன் வாசலில் வண்டியைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தி அந்த லாபத்தைத் தின்றுவிடுவது தெரியவரலாம். வண்டி ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்த்து வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுங்கள். சிலரிடம் காத்திருப்புக் கட்டணம் கேளுங்கள். ஒருவரை விட்டுவிட நேர்ந்தாலும் பரவாயில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இந்தப் பகுதி முழுக்க நீரில் நின்றதை மறக்காமல், நான்கு நாள் சாலை மூடினால் வண்டிகளை எந்த மேட்டில் நிறுத்துவது, யார் முடிவெடுப்பது என்பதையும் மழைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மென்பொருளும் ஒரு நாள் தேவைப்படும். காகித மேசை சரியாக நடக்கத் தொடங்கி, அதே எண்ணை மூன்று இடத்தில் எழுதிக் கை வலிக்கும்போது வாங்குங்கள். எதை வாங்குகிறோம் என்பது அப்போது உங்களுக்கே தெளிவாகத் தெரியும். இப்போது வாங்கினால் அப்பாவின் போனில் காத்திருந்த போட்டோ அப்பாவின் கணினியில் காத்திருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர்களை ஷெட்டுக்கு அழைத்து, சாப்பாடு போட்டு, அவர்களோடு உட்காருங்கள். அப்பாவும் வரட்டும். டிரிப் சீட்டில் எழுதும் நேரத்தை வைத்து யாருக்கும் பேட்டா பிடிக்கப்படாது என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் பாதிப் பேர்தான் நம்புவார்கள். பிறகு, ‘போன வாரம் அதிக நேரம் எங்கே நின்றீர்கள்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். விலகிப்போன மூன்று பேருக்கும் நீங்களே போன் செய்து வரச் சொல்லுங்கள். அன்றிரவே ஒரு வண்டியில் நீங்களோ தம்பியோ ஏறி ஒரு டிரிப் முழுக்கக் கூடவே போய் வாருங்கள். ஒருவர் நிச்சயம் போக வேண்டும். தம்பி போனால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

வங்கியின் கடன் ஒப்புதலுக்குக் கெடு இருக்கும். இரண்டு மாத அவகாசம் கேட்டு நாளைக்கே கடிதம் கொடுத்துவிடுங்கள். சீட்டுகள் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா